வான்சென் அகழியும் 2,281 சட்டப்பிரிவுகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1804 மார்ச் 21. பொழுது புலர இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. பாரிஸ் நகருக்குக் கிழக்கே வான்சென் கோட்டை. அதன் அகழிக்குள் ஓர் இளைஞரை இறக்கி நிறுத்துகிறார்கள். வயது 31. ஆங்கியன் கோமகன் என்பது அவருடைய பட்டம். புரட்சியில் கவிழ்ந்த பூர்போன் அரச குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்தவர். ஆறு நாட்களுக்கு முன்பு பிரெஞ்சுக் குதிரைப்படை ரைன் நதியைக் கடந்து, வேற்று நாடான பாடனுக்குள் நுழைந்து, எட்டன்ஹைம் என்ற சிற்றூரிலிருந்து அவரைப் பிடித்து வந்திருந்தது. நள்ளிரவில் ராணுவ விசாரணை. அவர் சார்பில் பேச வழக்கறிஞர் யாரும் இல்லை. நாட்டின் தலைவரை நேரில் சந்திக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார், கிடைக்கவில்லை. குழி முன்கூட்டியே வெட்டி வைக்கப்பட்டிருந்தது. சுட்டார்கள், அங்கேயே புதைத்தார்கள்.

அதே நாள், அதே பாரிஸ். அதுவரை 36 தனித்தனிச் சட்டங்களாக நிறைவேறியிருந்தவை ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, ‘பிரெஞ்சு மக்களின் சிவில் சட்டத் தொகுப்பு’ என்ற பெயரில் நடைமுறைக்கு வருகின்றன. மொத்தம் 2,281 பிரிவுகள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று, பிறப்பால் யாருக்கும் சலுகை கிடையாது என்பது அதன் அடித்தளம்.

இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒருவரே. அப்போது பிரான்ஸின் முதல் கான்சலாக, அதாவது ஆட்சித் தலைவராக, இருந்த 34 வயது நெப்போலியன் போனபார்ட்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் பாடநூல்கள் அவரை ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியில் தூக்கிவிட்டு வாட்டர்லூ தோல்வியில் கீழே போடுகின்றன. போர்க்களங்களைப் பற்றி எழுதியிருப்பவர்கள் ஏராளம். இன்றைக்கு என் கவலை வேறு. அவர் வென்ற நிலம் அனைத்தும் அவர் உயிரோடு இருக்கும்போதே கைவிட்டுப் போனது. போகாமல் நின்றது சட்டம். அந்தச் சட்டம் யாரையெல்லாம் முழு மனிதராகக் கணக்கில் எடுத்துக்கொண்டது, யாரையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தியது? இந்தப் புதுச்சேரியில் நின்று பேசுகிற ஒருவர் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நெப்போலியனைப் பற்றிப் பேசக்கூடாது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1768இல் ஜெனோவா குடியரசு கோர்சிக்கா தீவை பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அத்தீவின் அஜாக்சியோ நகரில் நெப்போலியன் பிறந்தார். தந்தை கார்லோ முதலில் தீவின் விடுதலைத் தலைவர் பாவோலியின் பக்கம் நின்றவர். பிறகு பிரெஞ்சு ஆட்சியுடன் இணங்கிப்போனார். குலப்பெருமைக்குச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி மகனுக்கு பிரியன் ராணுவப் பள்ளியில் அரசுச் செலவில் இடம் பெற்றார். ஒன்பது வயதுச் சிறுவன் இத்தாலியச் சாயல் கொண்ட கோர்சிக்கப் பேச்சோடு அங்கே போய்ச் சேர்ந்தான். 16 வயதில் பீரங்கிப்படையில் இளநிலை அதிகாரி. பீரங்கிப்படையில் குலத்தைவிடக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். 1789இல் புரட்சி வெடித்ததும் பிரபு வம்சத்து அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினார்கள். மேலே இடம் காலியானது. 1793 டிசம்பரில் தூலோன் துறைமுகத்தை மீட்ட சண்டை முடிந்தபோது அவர் 24 வயதுத் தளபதி. பிறகு இத்தாலி, பிறகு எகிப்து. 1799 நவம்பரில் ராணுவத்தின் துணையோடு ஆட்சியைப் பிடித்தார்.

எகிப்திலிருந்து அவர் எழுதிய ஒரு கடிதம் நமக்குத் தொடர்புடையது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு எழுதினார். பெரும்படையோடு செங்கடல் கரைக்கு வந்துவிட்டேன், ஆங்கிலேயரின் பிடியிலிருந்து உங்களை விடுவிக்க விரும்புகிறேன், நம்பிக்கைக்குரிய ஒருவரை என்னிடம் அனுப்புங்கள் என்பது அதன் சாரம். கடிதம் திப்புவின் கைக்குப் போகவில்லை. ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதற்கு முன்பே, 1798 ஆகஸ்டில், நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை நைல் கழிமுகத்தில் அழித்துவிட்டிருந்தார். கப்பல் இல்லாத தளபதி இந்தியாவுக்கு எப்படி வர முடியும்? மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அந்த முற்றுகையில் ஆங்கிலேயர் பக்கம் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி என்ற கர்னல்தான் பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகி வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்கொண்டவர்.

ஆட்சிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களைக் கவனியுங்கள். புதிய அரசியலமைப்புக்கு மக்களிடம் ஒப்புதல் கேட்டார். ஆதரவு 30,11,007, எதிர்ப்பு 1,562 என்று 1800 பிப்ரவரியில் முடிவு வெளியானது. பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது உண்மையான ஆதரவு வாக்குகள் ஏறக்குறைய 15 லட்சம்தான் என்று தெரிந்தது. மீதியைச் சேர்த்தது உள்துறை அமைச்சகம். அப்போது அதன் அமைச்சர் யார்? நெப்போலியனின் தம்பி லூசியன். எதிர்ப்பு வாக்கு அவ்வளவு குறைவாக இருக்கும்போது ஆதரவு வாக்கை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும்? வென்றால் போதாது, நாடே ஒரு குரலில் பேசியது என்று காட்ட வேண்டும். இந்த ஆசை அவரைக் கடைசிவரை விடவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் பாரிஸில் வந்துகொண்டிருந்த 73 அரசியல் பத்திரிகைகளில் 60ஐ ஒரே ஆணையில் மூடினார். 1811இல் மிஞ்சியவை நான்கு.

அதே கைதான் நிர்வாகத்தையும் கட்டியது. 1800இல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பிரிஃபெக்ட், ஏறத்தாழ நம் மாவட்ட ஆட்சியர் மாதிரி, தலைநகரிலிருந்து நியமிக்கப்பட்டார். பிரான்ஸ் வங்கி அதே ஆண்டு. 1801இல் போப்பாண்டவரோடு உடன்படிக்கை. 1802இல் லிசே என்ற அரசு உயர்நிலைப் பள்ளிகள். 1905இல் முடிவுக்கு வந்த அந்த உடன்படிக்கையைத் தவிர, மற்றவை பெயர் மாறாமல், அல்லது சிறிது மாறி, இன்றும் இருக்கின்றன.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் ஒரே சட்டம் என்பது இல்லை. தெற்கே ரோமானிய மரபில் வந்த எழுதப்பட்ட சட்டம். வடக்கே ஊருக்கு ஊர் மாறும் வழக்காறு. திருமணம், பிறப்பு, இறப்புப் பதிவுகள் பாதிரியார் கையில். புரட்சிக்காரர்கள் பொதுச் சட்டம் எழுத மூன்று முறை முயன்றார்கள்; மூன்றும் நிறைவேறவில்லை. 1800 ஆகஸ்டில் நெப்போலியன் நான்கு பேரை அமர்த்தினார். துரோன்ஷே, பிகோ த பிரெயாமனே இருவரும் வழக்காற்றுப் பகுதியின் வழக்கறிஞர்கள். போர்த்தாலிஸ், மால்வில் இருவரும் தெற்கத்தியச் சட்டம் படித்தவர்கள். போர்த்தாலிஸுக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. நினைவிலிருந்தே பிரிவு பிரிவாக வாதாடக்கூடியவர். துரோன்ஷே, பதினாறாம் லூயி மன்னருக்காக வழக்காடியவர்களில் ஒருவர். மன்னரைக் காப்பாற்ற முயன்ற வழக்கறிஞரைப் புரட்சியின் சட்டத்தை எழுத அழைத்தது நெப்போலியனின் அரசியல் கூர்மைக்கு அடையாளம். நான்கே மாதத்தில் வரைவு வந்தது. பிறகு அரசு ஆலோசனை மன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அமர்வுகள். அவற்றில் பாதிக்கு மேல் அவரே தலைமை வகித்தார். சட்டம் படிக்காத அந்தப் படைத்தலைவர், ‘இதைச் சாதாரண ஆள் படித்தால் புரியுமா’ என்கிற கோணத்தில் வல்லுநர்களைக் கேள்வி கேட்டார். அந்தச் சட்டத்தின் தெளிவான நடைக்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம் என்பேன்.

அந்தத் தொகுப்பின் பெருமைகளை மனம் திறந்து சொல்ல வேண்டும். மூத்த மகனுக்கே சொத்து என்ற பழைய முறை போய், பிள்ளைகள் அனைவருக்கும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, சமபங்கு. திருமணம் முதலில் நகராட்சி அதிகாரி முன்பு. கோயில் சடங்கு அவரவர் விருப்பம். சட்டம் முன்தேதியிட்டுச் செல்லாது. சட்டத்தில் தெளிவில்லை என்று சொல்லி எந்த நீதிபதியும் தீர்ப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. கழித்தால் அவர்மீதே வழக்கு வரும். ஒருவருடைய தவற்றால் இன்னொருவருக்கு இழப்பு நேர்ந்தால் தவறு செய்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற 1382ஆம் பிரிவு இரண்டே வரி. 2016இல் எண் மாறி 1240 ஆனது; வாசகம் மாறவில்லை. பெல்ஜியம், இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின், சிலி, எகிப்து, கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் லூசியானா என்று இந்தச் சட்டம் போன தூரத்துக்கு எந்தப் பிரெஞ்சுப் படையும் போகவில்லை.

இனி அதன் இன்னொரு பக்கம். 213ஆம் பிரிவின்படி கணவன் மனைவிக்குப் பாதுகாப்பு தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். மணமான பெண், கணவர் சம்மதம் இல்லாமல் சொத்தை விற்க முடியாது, வழக்குத் தொடர முடியாது. மனைவி பிறழ்ந்தால் கணவர் மணவிலக்குக் கேட்கலாம். கணவர் பிறழ்ந்தாலோ, தாம் தொடர்பு வைத்த பெண்ணைக் குடும்ப வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டும்தான் மனைவி கேட்க முடியும். புரட்சி பெண்களுக்குத் தந்திருந்ததில் பெரும்பகுதி இங்கே பறிக்கப்பட்டது. கீழ்ப்படியும் கடமை 1938இல்தான் நீங்கியது. கணவரின் அனுமதி இல்லாமல் ஒரு பிரெஞ்சுப் பெண் வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1781ஆம் பிரிவையும் கேளுங்கள். கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா இல்லையா என்று தகராறு வந்தால் முதலாளி சொல்வதே சான்று. அவர் வாயால் சொன்னால் போதும், நீதிமன்றம் ஏற்கும். தொழிலாளி சொல்வதற்கு அந்த மதிப்பு இல்லை. சமத்துவம் பேசும் தொகுப்புக்குள்ளேயே ஒருவர் வாக்கு எடையுள்ளதாகவும் இன்னொருவர் வாக்கு எடையற்றதாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1868இல்தான் அதை நீக்கினார்கள். இந்தப் பிரிவை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இன்றும் வருகிறது.

ஆனால் பெண்ணும் தொழிலாளியும் அந்த வீட்டின் திண்ணையிலாவது இடம் பெற்றார்கள். கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

1794 பிப்ரவரி 4 அன்று புரட்சி அரசு காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. 1802 மே 20 அன்று நெப்போலியனின் அரசு, ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்ற மார்த்தினிக் முதலிய காலனிகளில் அடிமை முறை தொடரும் என்று சட்டம் போட்டது. சில வாரங்களில், எட்டு ஆண்டு சுதந்திரமாக வாழ்ந்த குவாதலூப் மக்கள்மீதும் அது திணிக்கப்பட்டது. அங்கே லூயி தெல்கிரெஸ் என்ற கலப்பின அதிகாரி, பிரெஞ்சுக் குடியரசின் சீருடை அணிந்தவர், அடிபணிய மறுத்தார். மே 28 அன்று மத்தூபா மலைச்சரிவில் படை சூழ்ந்துகொண்டபோது வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தம் தோழர்களோடு மாண்டார். சான் தொமிங்கில், இன்றைய ஹைத்தியில், நெப்போலியனின் தங்கை கணவர் லெக்ளேர் பெரும்படையோடு இறங்கினார். கறுப்பின மக்களின் தலைவர் தூசான் லூவெர்த்துரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கைது செய்து, குளிர் மிகுந்த ஜூரா மலைக்கோட்டைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று அவர் அங்கே இறந்தார். மஞ்சள் காய்ச்சலும் மக்களின் போரும் சேர்ந்து பிரெஞ்சுப் படையை முடித்தன. 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி விடுதலையை அறிவித்தது. சிவில் சட்டத் தொகுப்பு வெளிவர அப்போது மூன்று மாதம்கூட இல்லை. அந்தத் தொகுப்பு பிறகு கரீபியக் காலனிகளுக்குப் போனபோது வெள்ளையருக்கு வெள்ளையரோடு, விடுதலை பெற்றவருக்குத் தம்மைப் போன்றவரோடு என்று பிரித்துப் பிரித்தே போனது. அடிமைக்கு அதில் பெயரே இல்லை.

‘அவர் காலத்து மனிதர், அப்படித்தான் இருந்திருப்பார்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. அவருடைய காலத்து மனிதர்கள்தானே எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அடிமை முறையை ஒழித்தார்கள்? காலம் முன்னே போயிருந்தது. அவர் பின்னே இழுத்தார்.

போர்களை இரண்டு பொருள்களின் வழியே காட்டிவிடுகிறேன். முதலாவது, பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் மினார் 1869இல் வரைந்த வரைபடம். 1812இல் நீமன் நதியைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்த 4,22,000 பேரை ஓர் அகலமான பட்டையாக வரைகிறார். மாஸ்கோவை நோக்கிப் போகப்போகப் பட்டை மெலிகிறது. திரும்பி வரும் பாதை கறுப்புக் கோடு. அதன் அடியில் குளிரின் அளவு. பெரெசினா ஆற்றைக் கடக்கும் இடத்தில் கோடு சட்டென்று பாதியாகிறது. நீமன் நதிக்கரைக்குத் திரும்பி வந்த இடத்தில் அது நூல் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் 10,000 என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது, 2001இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது வெளிவந்த பெருங்குழி. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். சீருடைப் பொத்தான்களில் இருந்த படைப்பிரிவு எண்களை வைத்துத்தான் அவர்கள் நெப்போலியனின் வீரர்கள் என்று கண்டுகொண்டார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

1814இல் பதவி விலகல், எல்பா தீவு, அங்கிருந்து திரும்பி நூறு நாள் ஆட்சி, 1815 ஜூன் 18 வாட்டர்லூ. பிறகு செயின்ட் ஹெலினாவில் சிறை. அந்தத் தீவு அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சொத்து. லண்டனுக்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஓடிய கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடம். பேரரசராக முடிசூடியிருந்த அவரை ஆங்கிலேயர் ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை; ஜெனரல் போனபார்ட் என்றே அழைத்தார்கள். 1821 மே 5 அன்று அவர் இறந்தபோது கல்லறைக்கல்லில் ‘நெப்போலியன்’ என்று மட்டும் பொறிக்க உடனிருந்தவர்கள் கேட்டார்கள்; ‘போனபார்ட்’ என்பதும் வேண்டும் என்று ஆளுநர் ஹட்சன் லோ பிடிவாதம் பிடித்தார். கடைசியில் எதுவும் பொறிக்காமல் கல்லை மூடினார்கள். உடல் 1840இல் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குள், தீவில் அவரோடு சில காலம் இருந்த லாஸ் காஸ் 1823இல் வெளியிட்ட செயின்ட் ஹெலினா நினைவுநூல், தோற்ற சர்வாதிகாரியை மக்களின் விடுதலை வீரராக மாற்றிவிட்டிருந்தது.

இப்போது நம் கரைக்கு வருவோம். 1793இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிரான்ஸுடன் செய்துகொண்ட அமியான் சமாதான உடன்படிக்கையின்படி திருப்பித் தர வேண்டியிருந்தது; அதைப் பெற்றுக்கொள்ள நெப்போலியன் அனுப்பிய ஜெனரல் தெகான் 1803இல் இங்கே வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் ஊரைக் கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் மறுபடி போர் மூண்டிருந்தது. தெகான் மொரீஷியஸுக்குப் போய் 1810 வரை ஆண்டார், அங்கே நெப்போலியனின் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். ஆங்கிலேயர் அந்தத் தீவைப் பிடித்த பிறகும் பழைய சட்டம் தொடரும் என்று ஒப்புக்கொண்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் வழித்தோன்றல்கள் மொரீஷியஸில் இன்றும் அந்த மரபில் வந்த சிவில் சட்டத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள்.

புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் வந்தது 1819 ஜனவரி 6இல். அப்போது நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் கைதியாக உயிரோடு இருந்தார். அவரைக் கவிழ்த்து வந்த பூர்போன் மன்னரின் அதிகாரிகளே அவருடைய சட்டத்தை இங்கே பிரகடனம் செய்தார்கள். ஆனால் இந்தியர்கள் தங்கள் சாதி வழக்கப்படியும் மத வழக்கப்படியும் நடக்கலாம் என்று விலக்கும் வைத்தார்கள். சலுகை போலத் தெரியும் இந்த விலக்கு, சாதியை நீதிமன்றத்துக்குள் அப்படியே உட்காரவைத்தது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்குத் தண்டிக்கப்பட்டார். பாரிஸின் உயர் மேல்முறையீட்டு மன்றம்வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணை, விரும்புகிற இந்தியர் தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அப்படித் துறந்தவர்களே ரெனோன்சான்கள். பொன்னுத்தம்பி அவர்களில் முன்னணியில் நின்று லாப்போர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அந்தத் துறப்பில் இட்ட கையெழுத்து, சாதிக் கட்டிலிருந்து எழுத்துப்பூர்வமாக வெளியேறும் வழியாக இருந்தது. 1963இல் இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று தனியே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. சுதந்திர இந்தியாவின் சட்டநூலில் நெப்போலியனின் நிழல் விழுந்த இடம் அது.

நெப்போலியன் மீட்டுவந்த அடிமை முறை 1848இல் இறுதியாக ஒழிந்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றினார்கள். குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 40,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தெல்கிரெஸ் மாண்ட அதே தீவில், அந்தக் கூலிகளின் வழியில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். 1904இல் இந்திய வம்சாவளி இளைஞர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றதை ஆளுநர் நிர்வாகம் எதிர்த்தது. இவர்கள் பிரெஞ்சுக் குடிகளே அல்ல என்றது. சிதம்பரம் நீதிமன்றம் போனார். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்பவர்கள் குடிமக்களே என்று, அந்நாட்டுச் சட்டத்தையே கையில் எடுத்து 19 ஆண்டு வாதாடினார். 1923இல் புவான்காரே அரசு அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது.

2021இல், நெப்போலியனின் இருநூறாம் நினைவு நாளில் பேசிய பிரெஞ்சு அதிபர் மக்ரோன், அடிமை முறையை மீட்டது அறிவொளிக்காலச் சிந்தனைக்குச் செய்த துரோகம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தத் துரோகத்தின் தொடர்ச்சியாகக் கப்பலேறியவர்களின் கதையை முழுமையாக எழுத வேண்டியவர்கள் நாம்தான். புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. பிரெஞ்சு மொழி கற்கவும் வாய்ப்பு இருக்கிற ஊர் இது. ஆய்வுக்கு வரும் மாணவர்களில் இரண்டு பேராவது ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளையும் ரெனோன்சான்களின் துறப்புப் பதிவுகளையும் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வேண்டிய மொழிப் பயிற்சியை இந்த அறக்கட்டளையின் வழியாகவே தர முடியுமா என்று நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.